ஆஸ்பத்திரிச் செலவு: மாநிலத்துக்கு மாநிலம் ஏன் இந்த வேறுபாடு?

மருத்துவத்துக்காகக் குடும்பங்கள் செலவிடும் பணம், அது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும் விதம் ஆகியவை குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கே இந்த இதழின் பக்கங்களை ஒதுக்கியிருக்கிறோம். பதில்களில் ‘கைச்செலவு’ என்னும் சொல் அடிக்கடி வரும். அரசோ காப்பீட்டு நிறுவனமோ கொடுக்காமல், சிகிச்சை பெறும் நேரத்தில் குடும்பம் தன் கையிலிருந்து எடுத்துக் கொடுக்கும் பணத்தையே அந்தச் சொல்லால் குறிக்கிறோம்.

என் மகள் கொல்லத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். கேரளத்தின் மருத்துவ வசதியை எல்லோரும் புகழ்கிறார்கள். ஆனால், மருத்துவத்துக்காகச் சொந்தப் பணத்தை அதிகம் செலவிடுபவர்களும் கேரள மக்கள்தான் என்று செய்தித்தாளில் படித்தேன். இரண்டும் எப்படி ஒருசேர உண்மையாக இருக்க முடியும்?
*— ஓய்வுபெற்ற ஆசிரியர், தென்காசி*

இரண்டுமே உண்மைதான், ஐயா. மத்திய அரசு வெளியிடும் தேசிய சுகாதாரக் கணக்கின்படி, 2019-20இல் கேரளத்தில் ஒருவருக்கான கைச்செலவு ஆண்டுக்குச் சுமார் 7,200 ரூபாய். பெரிய மாநிலங்களில் இதுவே மிக அதிகமான தொகைகளுள் ஒன்று. அந்த மாநிலத்தின் மொத்த மருத்துவச் செலவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மக்களின் கைப்பணமாகவே இருந்தது. அதே ஆண்டில் உத்தரப் பிரதேசத்தில் கைச்செலவின் பங்கு 70 சதவீதத்தையும் தாண்டியது. ஆனால் ஒருவருக்கான தொகை கேரளத்தின் தொகையில் பாதிகூட இல்லை. ‘எத்தனை ரூபாய்’ என்பதும் ‘மொத்தத்தில் எத்தனை பங்கு’ என்பதும் இரண்டு வெவ்வேறு கேள்விகள் என்பதை இந்த இரு மாநிலங்களே காட்டிவிடுகின்றன. செய்தித்தாள்கள் ஒரு நாள் தொகையை வைத்தும் மறுநாள் பங்கை வைத்தும் தலைப்பிடுவதால் நமக்குக் குழப்பம் வருகிறது.

கேரளத்தில் தொகை ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது என்பதற்குக் காரணங்கள் பல. முதலாவது வயது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் சுமார் 8.6 சதவீதம், தமிழ்நாட்டில் 10.4 சதவீதம், கேரளத்தில் 12.6 சதவீதம். வயதானவர்கள் அதிகமாக இருக்கும் இடத்தில் சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், இதய நோய், மூட்டுவலி ஆகியவையும் அதிகமாக இருக்கும். இவை ஒருமுறை மருந்து சாப்பிட்டுத் தீர்ந்துபோகும் நோய்கள் அல்ல. ஆயுள் முழுவதும் மாதாமாதம் செலவு வைப்பவை. இரண்டாவது காரணம், அங்கே அரசு மருத்துவமனைகள் நன்றாக இயங்கினாலும் மக்களில் பெரும்பகுதியினர் தனியார் மருத்துவமனைகளையே நாடுகிறார்கள் என்பது. வெளிநாட்டில் உழைப்பவர்கள் வீட்டுக்கு அனுப்பும் பணமும், பொதுவாகவே கூடுதலான குடும்ப வருமானமும் இதற்குத் துணைநிற்கின்றன.

மூன்றாவது காரணத்தைப் பலரும் கவனிப்பதில்லை. என் பார்வையில் அதுவே முக்கியமானது. தேர்ந்தெடுத்த வீடுகளுக்குப் போய்க் கேள்வி கேட்டு மத்திய அரசு நடத்தும் தேசிய மாதிரி ஆய்வின் 75ஆவது சுற்றில் (2017-18), ‘கடந்த 15 நாட்களில் உங்கள் வீட்டில் யாருக்காவது உடல்நலக் குறைவு இருந்ததா?’ என்று கேட்டார்கள். நாடு முழுவதும் ‘இருந்தது’ என்று கணக்கில் வந்தவர்கள் 7.5 சதவீதம். கேரளத்தில் இது அதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. இதைப் பார்த்து, கேரளத்தினர் மற்ற மாநிலத்தாரைவிட நோஞ்சான்கள் என்று யாரும் முடிவு கட்டிவிட முடியாது, ஏனெனில் நாட்டின் சராசரியைவிடக் கேரளத்தில் ஆயுள் அதிகம், சிசு மரண விகிதம் குறைவு. படிப்பறிவும் மருத்துவரை எளிதில் பார்க்கும் வசதியும் உள்ளவர்கள் தங்கள் உடலில் உள்ள கோளாறை நோய் என்று அடையாளம் காண்கிறார்கள். அந்த வசதி இல்லாதவர்கள் அதே கோளாறை ‘வயசானா இப்படித்தான்’ என்று விட்டுவிடுகிறார்கள். பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் 2002ஆம் ஆண்டிலேயே கேரளத்தையும் பீகாரையும் எதிரெதிரே வைத்து இதை எடுத்துக்காட்டினார்.

எனவே உங்கள் மகளின் மாநிலம் காட்டும் பெரிய தொகைக்குள், அதிக வயதினால் வந்த தேவை, செலவழிக்க முடிகிற வசதி, அரசின் பாதுகாப்பு எட்டாத இடைவெளி ஆகிய மூன்றும் கலந்து கிடக்கின்றன. முதல் இரண்டையும் குறையென்று சொல்ல வேண்டியதில்லை. அரசின் பாதுகாப்பு எட்டாத அந்த இடைவெளியைத்தான் அரசு கவனிக்க வேண்டும். 2021-22 கணக்கில் கேரளத்தின் கைச்செலவுப் பங்கு 59 சதவீத அளவுக்கு இறங்கியிருந்தாலும், ஒருவருக்கான தொகை குறையவில்லை, சற்றே கூடியிருந்தது. அரசின் செலவு அதைவிட வேகமாகக் கூடியதால்தான் பங்கு குறைந்தது.

பொருளாதாரம் படிக்கும் மாணவன் நான். மருத்துவச் செலவு பற்றித் தேடினால் ஒவ்வோர் அரசு அறிக்கையும் ஒவ்வோர் எண்ணைச் சொல்கிறது. எதை நம்புவது?
*— கல்லூரி மாணவர், சேலம்*

மூன்று ஊற்றுகளிலிருந்து இந்த எண்கள் வருகின்றன. மூன்றும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை தேடுபவை.

முதலாவது, வீட்டு நுகர்வுச் செலவு ஆய்வு. அரிசி, பால், பேருந்துக் கட்டணம், பள்ளிக் கட்டணம் என்று குடும்பம் செலவழிக்கும் அனைத்தையும் கேட்டு, அவற்றுக்கிடையே மருத்துவத்தையும் கேட்பது அதன் முறை. 2022-23 ஆய்வில் ஒருவரின் மாத நுகர்வு கிராமப்புறத்தில் சராசரியாக 3,773 ரூபாயாகவும் நகர்ப்புறத்தில் 6,459 ரூபாயாகவும் இருந்தது. அதில் மருத்துவத்தின் பங்கு கிராமத்தில் சுமார் 7 சதவீதம், நகரத்தில் சுமார் 6 சதவீதம். இதில் ஒன்றைக் கவனியுங்கள். அரசு மருத்துவமனையில் இலவசமாகப் பெற்ற சிகிச்சைக்கு இந்த ஆய்வு விலை போட்டுச் சேர்ப்பதில்லை. அதனால் இலவச சிகிச்சை நன்றாகக் கிடைக்கும் மாநிலத்தில் மருத்துவ நுகர்வு குறைவாகவே தெரியும். ஆனால் அங்கே மக்கள் பெற்ற மருத்துவம் குறைவு என்று அதற்குப் பொருளல்ல.

இரண்டாவது, மேலே சொன்ன 75ஆவது சுற்றைப் போல மருத்துவத்துக்கென்றே நடத்தப்படும் ஆய்வு. மருத்துவமனையில் சேர்ந்தவர் யார், எந்த மருத்துவமனை, மருத்துவர் கட்டணம் எவ்வளவு, மருந்து எவ்வளவு, படுக்கைக் கட்டணம் எவ்வளவு என்று இது துருவிக் கேட்கும். மருத்துவமனையில் சேர்ந்த செலவுக்கு ஓராண்டையும் மற்றச் சிகிச்சைக்குப் பதினைந்து நாளையும் நினைவுகூரச் சொல்வார்கள். அரசு மருத்துவமனையில் ஒருமுறை சேர்ந்து சிகிச்சை பெற (பிரசவம் நீங்கலாக) நாட்டின் சராசரிச் செலவு 4,452 ரூபாய், தனியாரில் 31,845 ரூபாய் என்னும் ஒப்பீடு இந்த ஆய்வில்தான் கிடைத்தது. மாநிலங்களுக்கிடையே ஒப்பிடவும், ஏழை வீட்டையும் வசதியான வீட்டையும் அருகருகே வைத்துப் பார்க்கவும் எனக்கு இதுவே பயன்படுகிறது.

மூன்றாவதான தேசிய சுகாதாரக் கணக்கு தனியான கணக்கெடுப்பு அன்று. அரசின் வரவு செலவுக் கணக்குகள், காப்பீட்டு நிறுவனங்களின் கணக்குகள், மேற்சொன்ன ஆய்வுகள் ஆகியவற்றைச் சேர்த்துக் கட்டப்படுவது. நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் கைச்செலவின் பங்கு 2013-14இல் 64.2 சதவீதமாக இருந்து 2021-22இல் 39.4 சதவீதமாகக் குறைந்தது என்று அது சொல்கிறது. இந்த வீழ்ச்சியில் உண்மை உண்டு. அரசின் செலவு இக்காலத்தில் கூடியிருக்கிறது என்பதை வரவு செலவுத் திட்டங்களே காட்டும். ஆனால் கைச்செலவை மதிப்பிட அடிப்படையாகக் கொள்ளும் மாதிரி ஆய்வு ஆண்டுதோறும் நடப்பதில்லை. இரண்டு சுற்றுகளுக்கு இடைப்பட்ட ஆண்டுகளுக்குப் பழைய சுற்றின் எண்களை வளர்த்தெடுத்தே கணக்கிடுகிறார்கள். அடிப்படைச் சுற்று மாறும்போது எண்ணும் ஒரே தாவாகத் தாவிவிடுகிறது. ஆகவே ஐந்து பத்து ஆண்டுகளின் போக்கை அறிய இந்தக் கணக்கைப் பயன்படுத்துங்கள். ஓராண்டுக்கும் அடுத்த ஆண்டுக்கும் உள்ள வேறுபாட்டை வைத்து ஆய்வுக் கட்டுரை எழுதிவிடாதீர்கள்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எங்களிடம் இருக்கிறது. மாமியாருக்கு நடந்த இதய அறுவை சிகிச்சைக்கு ஒரு ரூபாய்கூடக் கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு மாத்திரைக்கும் இரத்தப் பரிசோதனைக்கும் மாதாமாதம் கையைக் கடிக்கிறது. அட்டை இருந்தும் செலவு ஏன் குறையவில்லை?
*— இல்லத்தரசி, கடலூர்*

உங்கள் வீட்டின் அனுபவம் நாட்டின் அனுபவமாகவே இருக்கிறது, அம்மா. 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடந்துவரும் இந்தத் திட்டம், 2018இல் மத்திய அரசின் பிரதமர் ஜன ஆரோக்கியத் திட்டத்துடன் இணைக்கப்பட்டது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை இதில் பாதுகாப்பு உண்டு. வீட்டையோ நகையையோ விற்றுத்தான் அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்ற நிலையிலிருந்து பல குடும்பங்களை இது காத்திருக்கிறது. அதை நான் சிறிதும் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இத்தகைய திட்டங்கள் பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்காக வகுக்கப்பட்டவை. டிஸ்சார்ஜ் ஆகிச் சில நாட்கள் கழிந்ததும் அவற்றின் பொறுப்பு முடிந்துவிடுகிறது. உங்கள் செலவோ அதன்பிறகுதான் தொடங்குகிறது.

நுகர்வுச் செலவு ஆய்வின் எண்களையே பாருங்கள். 2022-23இல் கிராமப்புறக் குடும்பங்களின் செலவில் மருத்துவத்துக்குப் போன 7 சதவீதத்தில், ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மருத்துவமனையில் சேராமல் செய்த செலவு. மருத்துவருக்கான கட்டணம், பரிசோதனைக் கூடத்துக்கான கட்டணம், எல்லாவற்றுக்கும் மேலாக மருந்துக்கடைப் பில். மருத்துவமனைச் செலவு ஒரே நாளில் பெரிய தொகையாக வந்து நிற்பதால் அரசுகளின் கண்ணில் படுகிறது. மருந்துக்கடைச் செலவு ஒவ்வொரு மாதமும் சிறு தொகையாகப் போய்க்கொண்டே இருப்பதால் அதற்கென்று பெரிய அறிவிப்பு எதுவும் வருவதில்லை.

இந்த இடத்தில் தமிழ்நாடு செய்த ஒரு பழைய காரியத்தைச் சொல்ல வேண்டும். 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டது. அதுவரை அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்குவதில் விலை ஒருபுறமும் தட்டுப்பாடு மறுபுறமும் வாட்டின. கழகம் மாநிலம் முழுமைக்கும் சேர்த்து ஒரே ஒப்பந்தப்புள்ளி கோரி, பொதுப்பெயர் மருந்துகளை (நிறுவனம் வைத்த வணிகப் பெயரில் அல்லாமல், மருந்தின் பெயரிலேயே விற்கப்படுபவை) மொத்தமாக வாங்கி, தரப் பரிசோதனைக்குப் பின் மாவட்டக் கிடங்குகளில் இருப்பு வைத்தது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கிக் கணக்குப் புத்தகம்போல ஒரு பாஸ்புத்தகம் கொடுத்து, அதில் எழுதப்பட்ட தொகை வரைக்கும் தனக்குத் தேவையான மருந்தைக் கிடங்கிலிருந்து எடுத்துக்கொள்ளச் செய்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சீட்டைக் கொடுத்தால் மாத்திரை கிடைக்கும் என்ற நம்பிக்கை இப்படித்தான் வளர்ந்தது. பின்னர் கேரளமும் இராஜஸ்தானும் உட்படப் பல மாநிலங்கள் இதைப் பார்த்துத் தங்கள் கழகங்களை அமைத்தன. இராஜஸ்தான் 2011 அக்டோபர் 2 அன்று இலவச மருந்துத் திட்டத்தையே தொடங்கியது. குடும்பங்களின் கைச்செலவைக் குறைப்பதில் காப்பீட்டு அட்டைக்குக் கிடைக்கும் புகழில் பாதியாவது இந்த மருந்துக் கிடங்குகளுக்குக் கிடைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

உங்களுக்கு உடனே பயன்படக்கூடியவை: மாமியாரின் டிஸ்சார்ஜ் சீட்டை உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் காட்டி, அதிலுள்ள மாத்திரைகளில் எவை அங்கே இலவசமாகக் கிடைக்கும் என்று கேளுங்கள். இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்குமான மாத்திரைகளை 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் களப்பணியாளர் வீட்டுக்கே கொண்டுவந்து தருவார். அங்கே கிடைக்காத மருந்துகளை முதல்வர் மருந்தகத்திலோ மத்திய அரசின் மக்கள் மருந்தகத்திலோ பொதுப்பெயரைச் சொல்லிக் கேட்டால் விலை கணிசமாகக் குறையும். ஆனால் இதய அறுவை சிகிச்சைக்குப் பின் தரப்படும் மருந்துகளில் எதையும், விலையை மட்டும் பார்த்து, மருத்துவரைக் கேட்காமல் மாற்றவோ நிறுத்தவோ வேண்டாம்.

வேலூரில் தங்கும் விடுதி நடத்துகிறேன். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், அசாம், திரிபுரா என்று எங்கிருந்தெல்லாமோ நோயாளிகள் குடும்பத்தோடு வந்து வாரக்கணக்கில் தங்குகிறார்கள். அவர்கள் இங்கே செலவழிப்பது தமிழ்நாட்டின் மருத்துவச் செலவில் சேருமா?
*— விடுதி உரிமையாளர், வேலூர்*

எந்தக் கணக்கு என்பதைப் பொறுத்தது. வீடுகளில் போய்க் கேட்கும் ஆய்வுகளில் அந்தச் செலவு அவர்களுடைய சொந்த மாநிலத்தில்தான் பதிவாகும், ஏனெனில் ஆய்வாளர் போவது மருத்துவமனைக்கு அல்ல, வீட்டுக்கு. ஹவுராவில் இரயிலேறிக் காட்பாடியில் இறங்கி, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுத் திரும்பும் குடும்பம், கட்டிய பணத்தை மேற்கு வங்கத்துக் குடும்பச் செலவாகவே சொல்லும். மருத்துவமனைகளின் வருவாயை வைத்துக் கணக்கிட்டால் அதே பணம் தமிழ்நாட்டின் கணக்கில் வரும். அமெரிக்காவில் இந்தச் சிக்கலைத் தீர்க்க, மருத்துவமனை இருக்கும் மாநிலம், நோயாளி வசிக்கும் மாநிலம் ஆகிய இரு அடிப்படைகளிலும் மாநில வாரியாகத் தனித்தனி அட்டவணைகளை அரசு வெளியிடுகிறது. நம் நாட்டிலும் அப்படி இரண்டும் வேண்டும். எந்த மாநிலத்தார் எந்த நோய்க்காக ஊரைவிட்டுப் போகிறார்கள் என்பது தெரிந்தால், எங்கே புற்றுநோய் மருத்துவமனை இல்லை, எங்கே சிறுநீரகச் சிகிச்சை இல்லை என்பதும் கூடவே தெரிந்துவிடும்.

உங்கள் விடுதிக்கு அவர்கள் தரும் வாடகை, இரயில் கட்டணம், உடன் வந்தவர்களின் சாப்பாடு ஆகியவற்றை மாதிரி ஆய்வு ‘மருத்துவம் சாரா செலவு’ என்று தனியே பதிவு செய்கிறது. சராசரி மருத்துவச் செலவு என்று நாம் படிக்கும் எண்களில் இவை பெரும்பாலும் சேர்வதில்லை. உடன் வந்தவர் இழந்த கூலியோ வழக்கமான அட்டவணைகளில் பெரும்பாலும் தென்படாது. தொலைவிலிருந்து வருபவர்களுக்கு இவையே மருத்துவமனைப் பில்லுக்கு இணையாகப் போய்விடுகின்றன என்பதை எங்களைவிட நீங்கள் நன்கு அறிவீர்கள்.

அமெரிக்காவில் இருக்கும் என் மகன், அங்கே மக்களின் நுகர்வில் மருத்துவச் சேவைதான் மிகப் பெரிய இனங்களுள் ஒன்று என்கிறான். அவ்வளவையும் அவர்கள் கையிலிருந்தா கொடுக்கிறார்கள்?
*— வங்கி ஊழியர், கோவை*

இல்லை. அங்கே பொருளாதாரப் பகுப்பாய்வுத் துறை மாநில வாரியாக வெளியிடும் நுகர்வுச் செலவுக் கணக்கில், ஒருவருக்காகக் காப்பீட்டு நிறுவனம் செலுத்தியதும், முதியோருக்கான மெடிகேர், ஏழைகளுக்கான மெடிகெய்டு ஆகிய அரசுத் திட்டங்கள் செலுத்தியதும் அவருடைய நுகர்வாகவே சேர்க்கப்படுகின்றன. பெற்ற சேவையின் மதிப்பு என்ன என்பது அவர்களுடைய கேள்வி. கையிலிருந்து என்ன போயிற்று என்பது நம்முடைய கைச்செலவுக் கணக்கின் கேள்வி. இரண்டையும் ஒரே அட்டவணையில் அடுத்தடுத்து வைத்து ‘அமெரிக்கர்கள் இத்தனை மடங்கு செலவிடுகிறார்கள்’ என்று எழுதுவது தவறு. அங்கே கைச்செலவு மட்டும் மொத்த மருத்துவச் செலவில் சிறு பங்குதான்.

எங்கள் அண்ணனுக்குக் குடலிறக்கம் இருக்கிறது. அறுவை சிகிச்சை செய்துகொள்ளச் சொல்லி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அறுவடை முடியட்டும், பிள்ளையின் கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப்போடுகிறார். இப்படிச் செலவே செய்யாதவர்களை உங்கள் கணக்கு எங்கே வைக்கிறது?
*— விவசாயி, தஞ்சாவூர் மாவட்டம்*

எங்கேயும் வைப்பதில்லை, ஐயா. மருத்துவச் செலவுக் கணக்குகளின் மிகப் பெரிய குறையை உங்கள் கேள்வி நேராகத் தொட்டுவிட்டது. ஒரு குடும்பத்தின் மொத்த நுகர்வில் 10 சதவீதத்துக்கு மேல் மருத்துவத்துக்குப் போனால் அதைப் ‘பேரிடர்ச் செலவு’ என்று குறிப்பது ஐக்கிய நாடுகளின் நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் நெடுங்காலம் கையாளப்பட்ட அளவுகோல். கடன் வாங்கி அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் அந்தக் கணக்கில் பாதிக்கப்பட்டவராக வருவார். பணமில்லாமல் வலியைப் பொறுத்துக்கொண்டவர் செலவு சுழியம் என்பதால் நலமாக இருப்பவராகவே வருவார்.

இதனால்தான் ஒரு மாநிலத்தில் தலா மருத்துவச் செலவு குறைவு என்று கேள்விப்பட்டதும் மகிழ்ந்துவிட முடியாது. அந்தக் குறைவுக்கு அரசு மருத்துவமனை இலவசமாகப் பார்த்துக்கொண்டது காரணமாக இருக்கலாம். பக்கத்தில் மருத்துவமனையே இல்லாதது காரணமாக இருக்கலாம். உங்கள் அண்ணனைப் போல் பல்லாயிரம் பேர் தள்ளிப்போட்டதும் காரணமாக இருக்கலாம். பிரித்தறிய வேண்டுமானால், செலவோடு சேர்த்து மருத்துவமனையில் சேர்ந்தோரின் விகிதம், நோயிருந்தும் சிகிச்சை பெறாதோரின் விகிதம், கடன் வாங்கியோரின் விகிதம் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். 75ஆவது சுற்றில், கிராமப்புறத்தில் மருத்துவமனைச் செலவுக்குச் சுமார் 13 சதவீதக் குடும்பங்கள் முதன்மையாகக் கடனையே நம்பியிருந்தன. நகரத்தில் சுமார் 9 சதவீதம்.

உங்கள் அண்ணனுக்கு ஒரு வார்த்தை. குடலிறக்க அறுவை சிகிச்சை அரசு மருத்துவமனைகளில் வழக்கமாகவே இலவசமாகச் செய்யப்படுவதுதான். இறங்கிய குடல் சிக்கிக்கொண்டு இரத்த ஓட்டம் தடைப்பட்டால் அது உயிருக்கே ஆபத்தான அவசர நிலையாகிவிடும். அப்போது செலவும் பெருகும், ஆபத்தும் பெருகும். வீக்கம் உள்ளே போகாமல் கெட்டியாகி, வலியோடு வாந்தியும் வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் 108ஐ அழையுங்கள். அதுவரை காத்திராமல், இந்த வாரமே மாவட்ட அரசு மருத்துவமனையில் காட்டித் தேதி வாங்கிவிடுங்கள்.

தனியார் காப்பீட்டுக்கு நாங்கள் கட்டும் பிரீமியம் ஆண்டுதோறும் ஏறுகிறது. அதுவும் கைச்செலவுதானே?
*— தனியார் நிறுவன ஊழியர், சென்னை*

உங்களுக்கு அது செலவுதான்; ஆனால் தேசிய சுகாதாரக் கணக்கு அதைக் கைச்செலவில் சேர்ப்பதில்லை, முன்கூட்டிச் செலுத்தியதாகத் தனி இனத்தில் வைக்கிறது. சிகிச்சை நேரத்தில் திடீரென்று வந்து விழும் சுமையை அளப்பதே கைச்செலவின் நோக்கம் என்பதால் இதில் நியாயம் உண்டு. ஆயினும் ஒரு விளைவைக் கவனிக்க வேண்டும். மருத்துவமனைக்குக் கொடுத்த பணத்தைக் குடும்பங்கள் காப்பீட்டு நிறுவனத்துக்குக் கொடுக்கத் தொடங்கினால், மாநிலத்தின் கைச்செலவுப் பங்கு குறைந்ததாக அட்டவணை காட்டும். குடும்பத்தின் மாதக் கணக்கில் சுமை குறைந்திருக்காது. தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டது ஓரளவு ஆறுதல். பழைய வருமான வரி முறையில் இருப்பவர்கள் இந்தப் பிரீமியத்துக்கு வரிக் கழிவும் பெறலாம்.

மருத்துவமனைகள் கேட்கும் தொகைக்கு வரம்பே கிடையாதா?
*— வாசகர், திருச்சி*

சிலவற்றுக்கு உண்டு. தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் அத்தியாவசிய மருந்துகளுக்கு உச்ச விலை வைக்கிறது. இதயக் குழாயில் பொருத்தும் ஸ்டென்டுக்கு 2017 பிப்ரவரியிலும், செயற்கை முழங்கால் மூட்டுக்கு அதே ஆண்டு ஆகஸ்டிலும் விலை வரம்பு வந்தது. அறை வாடகை, அறுவை சிகிச்சைக் கட்டணம், பரிசோதனைக் கட்டணம் ஆகியவற்றுக்கு இத்தகைய பொதுவான வரம்பு இல்லை. மருத்துவமனைகளும் பொது சுகாதாரமும் அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் இருப்பதால் இதில் முதல் பொறுப்பு மாநில அரசுகளுடையது. கட்டண விவரத்தை முன்கூட்டியே எழுத்தில் கேட்டுப் பெறுவது இப்போதைக்கு நம் கையில் உள்ள வழி.

புள்ளியியல் துறையிலிருந்து வருவதாகச் சொல்லி ஒருவர் வீட்டுக்கு வந்து, ஓராண்டின் மருத்துவச் செலவைக் கேட்டார். அதிகம் சொன்னால் ரேஷன் அட்டையை மாற்றிவிடுவார்களோ என்று பயந்து, என் மாமனார் ‘ஒண்ணும் இல்லை’ என்று சொல்லி அனுப்பிவிட்டார். சரியா?
*— வாசகி, நாகர்கோவில்*

உங்கள் மாமனாரின் பயம் புரிகிறது. ஆனால் அதற்கு இடமில்லை. வந்தவரிடம் அரசு அடையாள அட்டையைக் கேட்டுப் பார்ப்பது உங்கள் உரிமை. அவர் உண்மையான ஆய்வாளர்தான் என்றால், 2008ஆம் ஆண்டின் புள்ளிவிவரங்கள் சேகரிப்புச் சட்டப்படி நீங்கள் தரும் தகவல் புள்ளிவிவரத்துக்கு மட்டுமே பயன்படும். உங்கள் வீட்டுப் பெயரோடு வேறு எந்தத் துறைக்கும் போகாது. ரேஷன் அட்டைக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஒரு மாநிலத்தில் மாதிரியாகத் தேர்ந்தெடுக்கப்படும் வீடுகள் சில ஆயிரம்தான் என்பதால், நீங்கள் சொல்லும் ஒவ்வொரு பதிலும் உங்களைப் போன்ற ஆயிரக்கணக்கான வீடுகளின் சார்பாக நிற்கிறது. ‘ஒண்ணும் இல்லை’ என்ற பதிலும் அப்படித்தான் பெருகும்.

மறுபடி வந்தால், ஒரு மஞ்சள் பையில் போட்டு வைத்திருக்கும் பில்களை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள். மருத்துவமனையில் சேர்ந்த செலவையும் மற்றச் செலவையும் பிரித்துச் சொல்லுங்கள். காப்பீட்டில் திரும்பக் கிடைத்த தொகை இருந்தால் அதையும் மறைக்காமல் தனியே சொல்லுங்கள். வண்டி வாடகையை மருந்துச் செலவோடு கூட்டிவிடாதீர்கள். பிரசவச் செலவு இருந்தால் அதற்கென்று தனிக் கேள்வி வரும். மருந்துக்கடையில் பில் இல்லாமல் வாங்கிய மாத்திரைகளைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். மாமனார் மாதம் எத்தனை அட்டை மாத்திரை சாப்பிடுகிறார், ஓர் அட்டை என்ன விலை என்று பெருக்கினாலே அந்தத் தொகை கிடைத்துவிடும்.